இரண்டு மாசத்துக்கு 630 யூனிட், ஏசி கிடையாது. கரண்ட் எங்கே போகுது?

காரிமங்கலம் மில் (கேள்வி)

வணக்கம். தருமபுரி மாவட்டம் காரிமங்கலம். கீழே நாங்க, மேல ஒரு போர்ஷன் வாடகைக்கு. ரெண்டுக்கும் தனித்தனி சர்வீஸ், ரெண்டும் சிங்கிள் பேஸ். போன வருஷம் இதே கோடையில 480 யூனிட், 1679 ரூபாய். இந்த தடவை 630 யூனிட், 3163 ரூபாய். யூனிட் மூணுல ஒரு பங்குகூட ஏறல, பணம் மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இது எப்படின்னும் யாராவது சொன்னா நல்லாயிருக்கும்.

வீட்டுல இருக்கறது: பழைய சீலிங் ஃபேன் 4 (ஒவ்வொண்ணும் நாளைக்கு 12 மணி நேரம் ஓடும்), 9 வாட் எல்.இ.டி. பல்பு 6, 12 வருஷப் பழைய 240 லிட்டர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், 15 லிட்டர் கீசர் (காலையில ரெண்டு தடவை சூடாகும்), டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை, வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர். போர் 850 அடி, 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் 600 அடியில தொங்குது. தினமும் 1000 லிட்டர் டேங்க் ஒருதடவை நிரப்புறோம், 1 மணி 50 நிமிஷம் ஆகுது. புதுசா எந்தப் பொருளும் வாங்கல.

பக்கத்துலயே தனி சர்வீஸ்ல 10 எச்.பி. மாவு மில் இருக்கு, ராகியும் மிளகாயும்தான் அதிகம் வரும். அதுலயும் குறைக்க வழி இருந்தா சொல்லுங்க. "பவர் சேவர்"னு ஒரு பெட்டியை பிளக்ல சொருகினா பில் 30 சதவீதம் குறையும்னு ஒருத்தர் கொண்டுவந்து காட்டினார். வாங்கலாமா?

---

மின்பணி தருமபுரி

முதல்ல அந்தப் பெட்டியை வாங்காதீங்க. உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டரும் ஒரு எல்.இ.டி.யும்தான் இருக்கும். அது பவர் ஃபேக்டரை (இழுக்கிற கரண்டில் எவ்வளவு உண்மையான வேலைக்கு ஆகுது என்ற விகிதம்) கொஞ்சம் மாத்தும், அவ்வளவுதான். வீட்டு மீட்டர் கணக்கெடுக்கிறது யூனிட்டை. பவர் ஃபேக்டருக்கு வீட்டு இணைப்பில் பணம் கிடையாது. அந்தப் பெட்டியால யூனிட் குறையாது.

பில் ஏன் இப்படித் தாவுது என்பதற்குப் பதில் 500 என்ற எண்ணில் இருக்கு. 2024 ஜூலை மாற்றத்துக்குப் பிறகு அரசு மானியம் போக நம்ம கையிலிருந்து கட்டுற விகிதம் இது. இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 படியே காணாமல் போகும். 101 முதல் 400 வரை முழுக்க 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45.

அதனால் 500 யூனிட்டுக்கு 1805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய். உங்க 480க்கும் 630க்கும் நடுவில் இருக்கிற 150 யூனிட், சராசரியாக யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க் கணக்கில் விழுந்திருக்கு. இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கு. நீங்க குறைக்கிற முதல் 130 யூனிட்தான் இருப்பதிலேயே விலை உயர்ந்தது. அதைக் குறைத்தாலே பில் 1805க்கு இறங்கிவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் மீட்டரை வைத்து அளந்து பாருங்க. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும். நம்ம பக்கம் 3200 என்று போட்ட மீட்டர் நிறைய இருக்கு. சிவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். அப்படியென்றால் 10 சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகுது என்று போன் ஸ்டாப்வாட்சில் எடுத்து, 11250ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடுகிற வாட் வந்துவிடும். 10 சிமிட்டலுக்கு 150 விநாடி என்றால் 75 வாட், அதாவது ஒரு பழைய ஃபேன். 1600 துடிப்பு மீட்டராக இருந்தால் 11250க்குப் பதில் 22500 போட்டுக்கொள்ளுங்க. எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு தாளில் எழுதுங்க. அரை மணி நேர வேலை. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடி ஓடி நிற்கும், அதற்கு வேற வழி இருக்கு, கீழே யாராவது சொல்வாங்க.

அடுத்ததை முக்கியமாகப் பாருங்க. துடிப்பு விளக்கு தவிர இன்னொரு சின்ன சிவப்பு விளக்கு, பக்கத்தில் "ஈ.எல்." அல்லது "எர்த்" என்று போட்டிருக்கும். அது விடாமல் எரிகிறதா? எரிந்தால், பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லை என்று அர்த்தம். இப்போது வருகிற சிங்கிள் பேஸ் மீட்டர்கள் இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதைத்தான் யூனிட்டாக எழுதும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஆனால் வாடகைப் போர்ஷன் உள்ள வீடுகளில் ஒயரிங் செய்யும்போது பக்கத்தில் கிடைத்த நியூட்ரலை இழுத்துக் கட்டிவிடுவார்கள். மேல் வீட்டு ஃபேனுக்குப் பேஸ் மேல் மீட்டரிலிருந்து போகும், நியூட்ரல் உங்கள் மீட்டர் வழியாகத் திரும்பும். அந்த ஃபேனை இரண்டு மீட்டரும் எழுதும்.

சோதிக்க எளிய வழி: கீழ் வீட்டு மெயினை, பேஸும் நியூட்ரலும் சேர்ந்து அறுகிற இரட்டைத் துருவ சுவிட்சாக இருந்தால், ஆஃப் செய்யுங்க. மேல் வீட்டில் ஏதாவது நின்றால் அதன் நியூட்ரல் உங்களுடையது. மெயின் பேஸை மட்டும் அறுக்கிற ஒற்றை எம்.சி.பி.யாக (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) இருந்தால் மேலே எதுவும் நிற்காது, ஆனால் கீழே எல்லாம் அணைந்திருக்கும்போதும் உங்கள் மீட்டர் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஈ.எல். எரிந்து, மேல் வீட்டு விஷயமும் இல்லை என்றால் எங்கோ எர்த்தில் கசிவு இருக்கு. கீசர் எலிமெண்ட், ஈரம் புகுந்த மோட்டார் கேபிள் இந்த இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்க. அதைக் காசுக்காக மட்டும் இல்லை, உயிருக்காகப் பார்க்கணும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் உடனே கரண்டை அறுக்கிற சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்க.

---

பம்புசெட் பாலக்கோடு

அண்ணா, உங்க லிஸ்ட்ல மத்தவங்க ஃபேனைப் பாப்பாங்க, நான் அந்த 1 மணி 50 நிமிஷத்தைத்தான் பாக்கறேன். 1.5 எச்.பி. சப்மெர்சிபிள் சுமார் 1.7 கிலோவாட் இழுக்கும். நாளைக்கு 3.1 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 187 யூனிட். உங்க யூனிட்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தண்ணி எடுக்கவே போகுது.

இது சரியா தப்பான்னு கணக்கு போட்டுரலாம். 1000 லிட்டர் தண்ணியை 100 மீட்டர் தூக்க, நஷ்டமே இல்லாம பாத்தா 0.27 யூனிட் போதும். வீட்டு போர் மோட்டார், பைப்பு, கேபிள் எல்லாம் சேர்த்து 30 சதவீதம் திறமையா வேலை செஞ்சா அது நல்ல நிலைமை. அப்ப 100 மீட்டருக்கு 0.9 யூனிட். இங்க பலபேர் தப்பு பண்றது, தூக்குற உயரம்னா போர் ஆழம் 850 அடின்னு எடுத்துக்கறாங்க. மோட்டார் தொங்குற 600 அடியும் இல்ல. மோட்டார் ஓடும்போது தண்ணி மட்டம் எங்க நிக்குதோ அங்கிருந்து டேங்க் வாய் வரைக்கும்தான் உயரம். 350 அடியில தண்ணி நின்னா டேங்கோட சேர்த்து 117 மீட்டர், ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல, 40 நிமிஷத்துல டேங்க் நிரம்பணும். ரொம்ப மோசமா வெச்சு, தண்ணி மோட்டார் தலைவரைக்கும் இறங்கிடுச்சுன்னே வைங்க. அப்பவும் 193 மீட்டர், 1.75 யூனிட், ஒரு மணி நேரம். எந்தக் கணக்குல பாத்தாலும் உங்க 110 நிமிஷம் அதிகம்.

ஏன் அதிகம்னு மேல இருந்தே பாதி கண்டுபிடிக்கலாம், மோட்டாரைத் தூக்க வேண்டாம். மூணு விஷயம் கவனிங்க.

சுவிட்ச் போட்டதுல இருந்து டேங்க்ல தண்ணி விழற வரைக்கும் எவ்வளவு நேரம்? முந்தின நாள் ஓடின போர், வால்வு நல்லா இருந்தா பைப்புல தண்ணி அப்படியே நிக்கும், 15, 20 விநாடியில விழணும். நிமிஷக்கணக்குல ஆனா பைப்பு காலியாகியிருக்கு. தண்ணி திரும்ப இறங்காம தடுக்கற நான்-ரிட்டர்ன் வால்வு கெட்டுப்போயிருக்கலாம், இல்லன்னா நடுவுல பைப்பு ஓட்டை. மோட்டார் நின்னதும் போர் வாய்ல காது வெச்சா உள்ள தண்ணி கொட்டுற சத்தம் கேக்கும்.

அடுத்து, தண்ணி ஆரம்பத்துல நல்லா வந்து பத்து நிமிஷம் கழிச்சு குறையுதா, இல்ல முதல்ல இருந்தே மெலிசா ஒரே மாதிரி வருதா? போகப்போகக் குறைஞ்சு காத்தும் தண்ணியுமா துப்பினா போர்ல ஊத்து பத்தல. அதுக்கு மோட்டார் மாத்தி பிரயோஜனம் இல்ல, ஒரே மூச்சுல ஓட்டாம காலையில அரை மணி, மதியம் அரை மணின்னு பிரிச்சு ஓட்டுங்க, கூடவே தண்ணி இல்லாம ஓடுனா நிக்கிற டிரை ரன் பேனல் போடுங்க. முதல்ல இருந்தே மெலிசுன்னா ஓட்டை, இல்ல மணல் தின்னு இம்பெல்லர் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற சக்கரம்) தேஞ்சிருக்கு.

மூணாவது, கிளாம்ப் மீட்டர்ல (ஒயரைச் சுத்தி மாட்டி கரண்டை அளக்கற கருவி) ஆம்பியர். 1.5 எச்.பி.க்கு 9லிருந்து 11 வரைக்கும் வரும். அதுக்கு மேல போனா வோல்டேஜ் குறைவா இருக்கா, பேனல் பெட்டியில ரன் கெப்பாசிட்டர் உப்பியிருக்கான்னு பாருங்க. கெப்பாசிட்டர் மேல் மூடி மேடா உப்பி, ஓரத்துல எண்ணெய் கசிஞ்சிருந்தா அதை மாத்தற செலவு நூத்துக்கணக்குலதான், மாத்தாம விட்டா வைண்டிங்கே போயிரும். அதே மைக்ரோ ஃபேரட் போடணும். பெருசு போட்டா நல்லா இழுக்கும்னு சிலபேர் ஏத்திப் போடறாங்க, அதுலயும் மோட்டார் சூடாகும்.

கேபிள் சைஸையும் சொல்லுங்க. இத யாரும் கேக்கறதில்ல. 600 அடி ஆழத்துக்கு 10 ஆம்பியர் போனா, 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கேபிள்ல கிட்டத்தட்ட 49 வோல்ட் வழியிலேயே போயிரும். 2.5 ஸ்கொயர்ல 29 வோல்ட், 4 ஸ்கொயர்ல 18. வோல்ட்டை ஆம்பியரால பெருக்குங்க, 2.5ல 290 வாட் கேபிளைச் சூடாக்கவே போகுது. ஏற்கெனவே சாயந்திரம் 200 வோல்ட்தான் வருதுன்னா அடியில மோட்டாருக்கு 170தான் கிடைக்கும். கேபிளுக்காக மட்டும் மோட்டாரைத் தூக்காதீங்க. எப்படியும் தூக்கற நாள் வந்தா 4 ஸ்கொயர் போட்டு இறக்குங்க.

இன்னொண்ணு. ஒகேனக்கல் குடிநீர் தரைத்தொட்டிக்கு வருதுன்னா, அதை மேல ஏத்த அரை எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கற சின்ன பம்பு) போதும். 1000 லிட்டரை 12 மீட்டர் ஏத்த 0.1 யூனிட்தான் ஆகும். போர்ல இருந்து எடுக்கறதுக்கு இது பத்துல ஒரு பங்குகூட இல்ல. அது குடிக்கிற தண்ணி, செடிக்கும் வண்டி கழுவவும் விடாதீங்க. குடிக்க, சமைக்க எவ்வளவோ அது அந்த வழியில போகட்டும். மொட்டை மாடி மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிச்சாலும் இதே கணக்குதான். மேல் டேங்க்ல ஃபுளோட் சுவிட்ச் இருக்கா? நிரம்பி வழியறது 1000 அடி போர் வெச்சிருக்கற ஊர்ல ரொம்ப விலை உள்ள தண்ணி.

---

ஓசூர் கிழக்கு

ஃபேன், கீசர், ஃப்ரிட்ஜ் மூன்றையும் நான் சொல்கிறேன்.

உங்கள் நான்கு ஃபேனும் தலைக்கு 70 முதல் 75 வாட். நாளைக்கு 12 மணி நேரம் என்றால் நான்கும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 200 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் (காந்தமும் சர்க்யூட் போர்டும் வைத்த, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்டது) முழு வேகத்தில் 28 முதல் 32 வாட். ஒரு ஃபேன் மாற்றினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 30 யூனிட் மிச்சம். நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. இரவு முழுக்க ஓடும் படுக்கையறை ஃபேன், பகல் முழுக்க ஓடும் ஹால் ஃபேன் இரண்டையும் முதலில் மாற்றுங்கள். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கட்டாயம் கழற்றிவிட்டு சுவிட்சிலிருந்து நேராக இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரம் எரியும். "பி.எல்.டி.சி. ஆறு மாதம்கூட வரவில்லை" என்று வரும் புகார்களில் இது முக்கியமான காரணம்.

பழைய ஃபேனே இருக்கட்டும் என்றால், சூடாகும் பெட்டி ரெகுலேட்டரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ஸ்டெப் ரெகுலேட்டர் போடுங்கள். பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது மிச்சக் கரண்டைச் சூடாக வெளியே தள்ளுகிறது, பில்லில் பெரிய வித்தியாசம் வராது.

கீசர்: 15 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்ற அரை யூனிட். இரண்டு தடவை, அறுபது நாள், 60 யூனிட். நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் கடினம். எலிமெண்ட் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு தடிமனுக்கு வந்தால், சூடு தண்ணீருக்குப் போவது மெதுவாகும், எலிமெண்ட் உள்ளேயே காய்ந்து வெடிக்கும். வருடம் ஒருமுறை ஃபிளாஞ்சைக் கழற்றி எலிமெண்டைச் சுத்தம் செய்து, கூடவே மெக்னீசியம் ராடு கரைந்துவிட்டதா என்று பாருங்கள். ராடு தீர்ந்தால் அடுத்தது டேங்க்தான் அரிக்கும். தெர்மோஸ்டாட் 50 போதும். 70 வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதில் லாபம் எதுவும் இல்லை, டேங்க் நின்றபடியே அதிகச் சூட்டை இழக்கும், சுண்ணாம்பும் வேகமாகப் படியும்.

சோலார் ஹீட்டர் யோசித்தால், கடினத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் மாடல் எடுங்கள். செம்புக் குழாய்த் தகடு மாடலில் குழாய்க்குள் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்வது பெரிய வேலை. ஓசூர் போல வருடம் பூராவும் காலையில் குளிரும் ஊரில் இது நல்ல முதலீடு. காரிமங்கலம் வெயிலுக்கு, ஏப்ரல் மே மாதங்களில் மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், கீசர் சுவிட்சையே தொட வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் நட்சத்திர லேபிள் இருந்தால் அதில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், ஆறால் வகுத்தால் ஒரு பில் காலத்துக்கு எவ்வளவு என்று வந்துவிடும். உங்களுடையது 12 வருடப் பழையது, லேபிளை நம்ப முடியாது. இரவு படுக்கும்போது மற்ற எல்லாவற்றையும் எம்.சி.பி.யில் அணைத்து, மீட்டர் ரீடிங் எடுத்து, காலையில் பாருங்கள். 8 மணி நேரத்துக்கு 0.4 யூனிட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. 0.6க்கு மேல் போனால் கதவு ரப்பரைச் சோதியுங்கள்: ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வரவேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். பின்பக்கச் சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விடுங்கள். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அது அணைவதில்லை, சுவிட்சில் அணையுங்கள். 12 வாட் 24 மணி நேரமும் ஓடினால் அதுவே ஒரு பில்லுக்கு 17 யூனிட்.

---

காரிமங்கலம் மில்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்னபடி பாத்தாச்சு. ஈ.எல். விளக்கு எரியுது. கீழ மெயினை அணைச்சதும் மேல் போர்ஷன்ல படி லைட்டும் ஒரு ரூம் ஃபேனும் நின்னுபோச்சு. மோட்டார் போட்டு தண்ணி மேல வர 4 நிமிஷம் ஆகுது. முதல்ல இருந்தே மெலிசாத்தான் வருது, காத்து வரல. 10.2 ஆம்பியர். கேபிள் 2.5 ஸ்கொயர், பைப்பு ஒண்ணேகால் இஞ்ச் எச்.டி.பி.இ. மில் பத்தியும் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும். மோட்டார் ஒருதடவை ரீவைண்டிங் (எரிஞ்ச கம்பியை எடுத்துட்டுப் புதுசா சுத்தறது) ஆனது, வி பெல்ட் மூணு.

---

பம்புசெட் பாலக்கோடு

ஒண்ணேகால் இஞ்ச் பைப்புல மீட்டருக்குச் சுமார் 0.8 லிட்டர் நிக்கும். உங்களுக்கு இப்ப நிமிஷத்துக்கு 9 லிட்டர் வருது. பைப்பு காலியா இருக்கும்போது எதிர்ப்பு கம்மி, கொஞ்சம் வேகமாவே ஏறும். 4 நிமிஷத்துல 40, 45 லிட்டர்னு வெச்சா, பைப்பு மேல இருந்து 50, 55 மீட்டர் காலியாகியிருக்கு. தண்ணி மட்டம் அதுக்கு ரொம்பக் கீழ இருந்தா அடி வால்வு மேல சந்தேகம் வேண்டாம், வால்வு போயிருந்தா அந்த மட்டம் வரைக்கும் காலியாகியிருக்கும். மேல இருந்து 150 முதல் 200 அடிக்குள்ள ஒரு ஜாயிண்ட் இல்லன்னா பைப்பு கேசிங்ல உரசின இடம். அந்த ஓட்டையிலதான் ஓடும்போதும் தண்ணி திரும்பக் கொட்டுது.

தூக்கறவங்க வரும்போது சொல்லிவைங்க: முழுசா ஏத்திட்டு, பம்பை ஒரு டிரம்ல மூழ்கவெச்சு ஓட்டி இம்பெல்லரையும் பாக்கணும். புது ஜாயிண்ட் போட்டா நல்ல கப்லர், ரெண்டு பக்கமும் கிளாம்ப். கயிறு நைலான், பழசைத் திரும்பக் கட்டாதீங்க. கேபிளை 4 ஸ்கொயர் ஆக்கிருங்க, பத்தடிக்கு ஒரு இடத்துல பைப்போட கட்டணும், தொளதொளன்னு விட்டா கேசிங்ல உரசி தோல் உரியும். கேபிள் ஜாயிண்ட்டுக்குச் சூடு போட்டு ஒட்டற கிட் நல்லது, வெறும் டேப் சுத்தினா ஈரம் ஏறி மறுபடி ஈ.எல். விளக்குதான் எரியும்.

இறக்கின பிறகு ஒரு மணி நேரத்துக்குள்ள டேங்க் நிரம்பணும். அப்படி வந்தா மோட்டார்ல மட்டும் 80 யூனிட்டுக்கு மேல குறையும்.

---

மின்பணி தருமபுரி

அந்தப் படி லைட், ஃபேன் இரண்டின் நியூட்ரலையும் மேல் போர்ஷன் நியூட்ரல் பாருக்கு மாற்றச் சொல்லுங்க. ஒயர்மேன் இரண்டு சர்வீஸையும் ஃபியூஸ் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வேலை செய்யணும். கீழே அணைத்தாச்சு என்று மேல் வீட்டு நியூட்ரலைப் பிடித்தால், அந்த ஒயரைக் கழற்றின நொடியில் அதில் மேல் வீட்டு பேஸ் நிற்கும். படி லைட் இரண்டு சுவிட்சில் எரிகிற மாதிரி இருந்தால் பேஸும் இரண்டு வீட்டிலிருந்தும் கலந்திருக்கலாம், அதையும் ஒரே வீட்டுக்கு ஒதுக்கணும். வேலை முடிந்ததும் ஈ.எல். அணைந்திருக்கணும். அணையவில்லை என்றால் வேலை முடியவில்லை.

---

சல்லடை கிருஷ்ணகிரி

மில்லுக்கு நான் சொல்றேங்க. 10 எச்.பி. மோட்டார் முழுச்சுமையில பேஸுக்கு 14 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டர்ல கிளாம்ப் மாட்டி மூணு நேரத்துல எழுதுங்க: பெல்ட் கழட்டி மோட்டார் தனியா, பெல்ட் போட்டு தானியம் இல்லாம, ராகி விழும்போது. மூணு பேஸையும் தனித்தனியா. ஒரு பேஸ்ல மட்டும் ரொம்ப வித்தியாசம்னா முதல்ல வர்ற வோல்டேஜைப் பாருங்க. பேஸுக்குப் பேஸ் 2 சதவீதம் வித்தியாசமே ஆம்பியர்ல பல மடங்கா தெரியும், மோட்டார் வீணா சூடாகும். வோல்டேஜ் சமமா இருந்தும் ஆம்பியர் சமமா இல்லன்னா ரீவைண்டிங் சரியில்ல.

மில்லுல கரண்ட் வீணாகிற முதல் இடம் சும்மா ஓடறது. ஒரு ஆள் மாவு எடுத்துட்டுப் போயி அடுத்த ஆள் வர்ற வரைக்கும் ஓட விடறாங்க. 10 எச்.பி. பெல்ட்டோட சும்மா ஓடினா ஒரு கிலோவாட்டுக்குப் பக்கத்துல போகும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள அடுத்த ஆள் இருந்தா ஓடட்டும், இல்லன்னா நிறுத்துங்க. அதுக்காக நிமிஷத்துக்கு நிமிஷம் போட்டு எடுக்கவும் கூடாது, ஸ்டார்ட்டர் காண்டாக்ட் தேயும், வைண்டிங் சூடாகும். ராகிக்கு ஒரு நேரம், மிளகாய்க்கு ஒரு நேரம்னு போர்டு எழுதி மாட்டினா ரெண்டும் சரியாகும், மிளகாய்க்கு அப்புறம் கழுவி விடற வேலையும் குறையும்.

ரெண்டாவது பெல்ட். விரலால நடுவுல அழுத்தினா, ரெண்டு புல்லிக்கும் இடையில இருக்கற தூரத்துல மீட்டருக்கு 16 மில்லிமீட்டர் அளவு இறங்கணும். அதுக்கு மேல இறங்கினா வழுக்குது, ஓட்டி நிறுத்தினதும் புல்லியைத் தொட்டா கை சுடும். ரொம்ப இறுக்கினாலும் பேரிங் போயிரும். வி பெல்ட் புல்லி பள்ளத்தோட அடியைத் தொடக்கூடாது, பக்கச் சுவரைத்தான் பிடிக்கணும். அடியில பளபளன்னு தேஞ்ச தடம் இருந்தா புல்லியே தேஞ்சுபோச்சு, எத்தனை புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். மூணுல ஒண்ணு அறுந்தா ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க, புதுசு ஒண்ணே முழுச் சுமையும் சுமக்கும். மூணையும் ஒரே செட்டா மாத்துங்க.

மூணாவது, அரைக்கிற பாகம். கல்லு மில்னா கல்லு கொத்தி எத்தனை நாளாச்சுன்னு பாருங்க. மழுங்கின கல்லுல மாவு சூடா விழும், கையில எடுத்தாலே தெரியும். அந்தச் சூடு உங்க கரண்ட்தான். பல்வரைசர்னா (இரும்பு பீட்டர் அடிச்சுப் பொடியாக்கற மில்) பீட்டர் முனை தேய்மானமும், சல்லடை அடைப்பும். ஈர ராகி வந்தா திருப்பி அனுப்பி ஒரு வெயில் காய வைக்கச் சொல்லுங்க, சல்லடையை அடைச்சு ஆம்பியரை ஏத்தறது அதுதான்.

கெப்பாசிட்டர்: 10 எச்.பி.க்கு 4 கே.வி.ஏ.ஆர். (கெப்பாசிட்டரோட அளவு) போதும். நல்லா இருந்தா 415 வோல்ட்ல பேஸுக்கு 5.5 ஆம்பியர் அது எடுக்கணும். 3 ஆம்பியர்தான் காட்டுதுன்னா செத்துட்டிருக்கு. இதை மாத்தினா யூனிட் குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கேபிள் சூடு மட்டும்தான் கொஞ்சம் குறையும். பவர் ஃபேக்டர் 0.85க்குக் கீழ போனா அபராதம்ங்கறது 18.6 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் வாங்கியிருக்கற தொழில் சர்வீஸுக்கு. அவங்களுக்கு 0.01 குறைய குறைய ஒரு சதவீதம் ஏறும், நல்ல கெப்பாசிட்டர் பேனல் அங்க காசு. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்னா (முதல்ல ஸ்டார் இணைப்புல மெதுவா கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்தறது) கெப்பாசிட்டரை மோட்டார் முனையில நேரா கட்டாதீங்க, தனி காண்டாக்டர் வெச்சு டெல்டாவுக்கு மாறினப்புறம் சேருற மாதிரி கொடுக்கணும்.

மோட்டார் இன்னொரு தடவை எரிஞ்சா ரீவைண்டிங் பண்ணாம ஐ.ஈ.3 (அதிகத் திறன் தரம்) மோட்டார் வாங்குங்க. 7.5 கிலோவாட் ஐ.ஈ.3 மோட்டாரோட திறன் 90.4 சதவீதம். பழசு 84ல ஓடினா, முழுச்சுமையில ரெண்டு மாசம் 300 மணி நேரம் ஓடற மில்லுக்கு 190 யூனிட் வித்தியாசம். ரீவைண்டிங் கடையில பழைய கம்பியை எடுக்க ஸ்டேட்டரை நெருப்புல போட்டுக் கொளுத்தறாங்களான்னு பாருங்க. அந்தச் சூட்டுல கோர் தகடுங்க நடுவுல இருக்கற பூச்சு கருகி, மோட்டார் சும்மா ஓடினாலே சூடாகும்.

---

இராயக்கோட்டை ரோடு

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்ல யாரும் சோலார் சொல்லலையே. வீட்டுக்கு மத்திய அரசு சூர்ய கர் திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 மானியம். ஒரு கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் தரும், 3 கிலோவாட் ரெண்டு மாசத்துல 720 யூனிட். 630 யூனிட்டும் போயிரும், போர் மோட்டாரைத் தூக்கவே வேண்டாமே.

---

மின்பணி தருமபுரி

சோலார் நல்லதுதான், ஆனால் வரிசை முக்கியம். ஓட்டைப் பைப்புக்கும் மேல் வீட்டு ஃபேனுக்கும் சேர்த்து 3 கிலோவாட் பேனல் வாங்குவது தேவையில்லாத செலவு. கணக்கு பாருங்க: நியூட்ரலில் 30, போரில் 84, ஃபேன் நான்கும் மாற்றினால் 130. 630லிருந்து 386க்கு வந்துவிடுது. 386 யூனிட்டுக்கு பில் 1109 ரூபாய், வருஷத்துக்கு 6654. அதற்கப்புறம் 2 கிலோவாட்டே தாராளம். கொடேஷனில் மானியத்தைக் கழித்துவிட்டு வரும் தொகையை 6654ஆல் வகுங்க, எத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்புதுன்னு தெரிந்துவிடும். ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அப்போது 3 கிலோவாட் யோசிக்கலாம்.

போடுவதானால் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்க. மானியத்துக்கு உள்நாட்டு செல்லில் செய்த பேனல்தான் செல்லும். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும், தண்ணித் தொட்டியின் நிழல் காலை 9 மணிக்கு எங்கே விழுது, மாலை 3 மணிக்கு எங்கே விழுது என்று மாடியில் நின்று பாருங்க. பேனலை போர் தண்ணீரால் கழுவிக் காயவிடாதீங்க, உப்புக்கறை படிந்து கண்ணாடி மங்கும், துடைத்துவிடணும். கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நிற்கும், லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்காங்க. பவர்கட்டில் வீடு எரியும் என்று சொல்லி விற்க வருபவரிடம் பேட்டரி எங்கே என்று கேளுங்க.

---

காரிமங்கலம் மில்

புரிஞ்சுதுங்க. நியூட்ரல் வேலைக்கு ஒயர்மேன் வர ஒத்துக்கிட்டார், அடுத்து மோட்டார் தூக்கறது, ஹால் ஃபேனும் ரூம் ஃபேனும் இந்த மாசமே மாத்திடறோம். ஒரு சந்தேகம்: மோட்டார் தூக்கும்போது 600 அடியில இருந்து இன்னும் 100 அடி இறக்கினா நல்லதுன்னு ஒருத்தர் சொல்றார். கரண்ட் கூடுமா?

---

பம்புசெட் பாலக்கோடு

மோட்டாரை இறக்கறதால மட்டும் தூக்குற உயரம் கூடாது, தண்ணி மட்டம்தான் கணக்கு. பைப்பு உரசல் கொஞ்சம், கேபிள் நஷ்டம் 4 ஸ்கொயர்ல 3 வோல்ட் கூடும், அவ்வளவுதான். ஆனா உங்களுக்குக் காத்து வரல, அப்ப 600ல தண்ணி இருக்கு. இறக்க வேண்டிய அவசியமே இல்ல. கேபிளும் பைப்பும் 100 அடிக்கு வீண் செலவு. கழட்டின அன்னிக்கு நூல்ல ஒரு கல்லைக் கட்டி விட்டு தண்ணி மட்டம் எத்தனை அடின்னு அளந்து, தேதியோட மோட்டார் பேனல் கதவு உள்பக்கம் எழுதிவைங்க. அடுத்த தடவை யார் வந்து இறக்கணும்னு சொன்னாலும் அந்த எண்ணைக் காட்டிப் பேசலாம்.